பங்காளியா, சம்பந்தியா? ஒரு குடல்நோயின் உறவுமுறை

1976ஆம் ஆண்டு சுவீடனின் மால்மோ நகரில் கிளாஸ் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், ஒரு பெண்மணியின் மலக்குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண்மணிக்கு நெடுநாளாகத் தண்ணீர்போல் வயிற்றுப்போக்கு. குடலின் மேற்தோலுக்கு அடியில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிதாக ஓடவேண்டிய கொலாஜன் படலம், அங்கே தடித்த பட்டையாகப் படிந்திருந்தது. சிறுகுடலில் இப்படியொரு கொலாஜன் படிவு உண்டாவதை மருத்துவம் முன்பே அறியும். பெருங்குடலில் அதைக் கண்டதில்லை. லிண்ட்ஸ்ட்ரோம் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, இது புதியதொரு நோயா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தார். அதே ஆண்டில் கனடாவில் ஃப்ரீமன் குழுவினரும் இதே மாற்றத்தைத் தனியாகக் கண்டு எழுதினார்கள்.

புதிய நோய்தான் என்பது விரைவிலேயே உறுதியானது. எந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில்தான் இன்றுவரை பேச்சு ஓயவில்லை.

நோயாளி படும் பாட்டை முதலில் சொல்ல வேண்டும். நாளுக்கு ஆறு, எட்டு, சிலருக்குப் பத்துத் தடவைக்கு மேல் நீராகப் போகும். நடு இரவில் எழுப்பும். கழிப்பறைக்குப் போய்ச் சேரும்வரை அடக்க முடியாமல் உடையிலேயே போய்விடுவதும் உண்டு. பேருந்துப் பயணம், கல்யாண வீடு, கோயில் எல்லாம் மெல்ல மெல்ல நின்றுபோகும். ஆனால் மலத்தில் இரத்தம் இராது, காய்ச்சல் இராது. குடலுக்குள் கேமரா செலுத்தும் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தால் குடல் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக, அநேகமாகக் குறையே இல்லாமல் தெரியும். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். இவர்களில் கணிசமானோருக்கு ஐ.பி.எஸ்., அதாவது அழற்சி இல்லாத எரிச்சல் குடல் கோளாறு என்ற முத்திரை விழுந்துவிடுகிறது. 'டென்ஷனைக் குறையுங்கள்' என்ற அறிவுரையுடன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களுடைய குடலில் உண்மையாகவே அழற்சி இருக்கிறது. பார்க்கவேண்டிய கருவியால் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கருவியான நுண்ணோக்கியால் பார்த்தால் இரண்டு விதமான காட்சிகள் கிடைக்கும். ஒன்று லிண்ட்ஸ்ட்ரோம் கண்டது. கொலாஜன் படலம் வழக்கத்தில் சில மைக்ரான் கனம்தான் இருக்கும். அது 10 மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கொலாஜன் வகை. மற்றொன்றில் படலம் தடிப்பதில்லை. குடலின் மேற்பரப்புச் செல்களுக்கு இடையில் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்திருக்கும். நூறு மேற்பரப்புச் செல்களுக்கு ஏறக்குறைய ஐந்து இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால் லிம்போசைட் வகை. 1980இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ரீட் என்பவரும் சக ஆய்வாளர்களும், காரணம் தெரியாத நாள்பட்ட வயிற்றுப்போக்கை ஆராய்ந்தபோது மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்ற பெயரைக் கொடுத்தார்கள். 1989இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லேசன்பி குழுவினர் லிம்போசைட் வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்று மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்பதே இரு வகைக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

இவ்வளவு சிறிய மாற்றம் எப்படி ஒருவரை வீட்டோடு முடக்குகிறது? நாள்தோறும் சிறுகுடலிலிருந்து சுமார் ஒன்றரை லிட்டர் நீர் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அதில் ஏறத்தாழ முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, நூறு இருநூறு மில்லிலிட்டரை மட்டுமே மலத்தோடு வெளியே விடுவது பெருங்குடலின் வேலை. உப்பை உள்ளே இழுத்தால்தான் நீரும் கூடவே வரும். அழற்சியுற்ற மேற்தோலால் உப்பைச் சரியாக இழுக்க முடிவதில்லை, நீர் வெளியேறிவிடுகிறது. தடித்த கொலாஜன் பட்டைதான் நீரை மறிக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது, பட்டையின் கனத்தைவிட அதைச் சுற்றியுள்ள அழற்சியின் தீவிரத்தோடுதான் பேதியின் அளவு ஒத்துப்போனது. லிண்ட்ஸ்ட்ரோமின் கண்ணை முதலில் இழுத்த பட்டை ஓர் அடையாளம்தான். கோளாறு அழற்சியில் இருக்கிறது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், வகைப்பாட்டுக்கு இது முக்கியம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் கிரோன் நோய்க்குக் கே 50, அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கே 51 என்று தனித்தனி எண்கள். இவை இரண்டும்தான் ஐ.பி.டி. என்கிற அழற்சிக் குடல்நோய்க் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்கள். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் கே 52இல், தொற்றினால் வராத 'இன்ன பிற' குடல் அழற்சிகளோடு சேர்க்கப்பட்டது. அமெரிக்கா தன் பதிப்பில் இதற்குத் தனி உட்பிரிவு எண் தந்ததே 2016 அக்டோபரில்தான். எண் இல்லாத நோயை யாரும் எண்ணுவதில்லை. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்குப் பணம் வராது, புதிய மருந்துக்கு அனுமதி கேட்கவும் வழியிராது. அதனால் இதை வெறும் எழுத்தர் வேலை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இன்ன பிற என்று ஒதுக்கியதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கிரோனும் அல்சரேட்டிவும் பெரும்பாலும் இளம்வயதில் தொடங்குபவை. குடலில் புண் உண்டாக்கும், இரத்தம் போகும், அல்சரேட்டிவ் பல ஆண்டுகள் நீடித்தால் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாக வருகிறது. புண் இல்லை, இரத்தம் இல்லை, புற்றுநோய் வாய்ப்பும் கூடுவதாகத் தெரியவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு முதலில் தரும் மருந்தான மெசலசீனை ஐரோப்பாவில் கொலாஜன் வகை நோயாளிகளுக்குக் கொடுத்து, மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். வெறும் மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

அப்படியானால் தன்னெதிர்ப்பு நோய்களோடு, அதாவது உடலின் காவற்படை சொந்த உறுப்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களோடு சேர்த்துவிடலாமா? அந்தப் பக்கம் இழுக்கும் சான்றுகள் வலுவானவை. பெண்களிடம் மிகுதி என்பதே முதல் சாடை. நோயாளிகளிடம் தைராய்டுக் கோளாறும் முடக்குவாதமும், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோயும் மற்றவர்களைவிட அதிகம். கோதுமையின் குளூட்டன் புரதத்தால் வரும் சீலியாக் நோயோடு உள்ள நெருக்கம் இன்னும் வியப்பானது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீலியாக் நோயாளிகளை ஆராய்ந்தபோது 4.3 விழுக்காட்டினருக்கு மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸும் இருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் சுமார் எழுபது மடங்கு. மரபணுவும் சாட்சி சொல்கிறது. எச்.எல்.ஏ. 8.1 எனப்படும் மரபணுத் தொகுதி, பல தன்னெதிர்ப்பு நோய்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது. கொலாஜன் வகைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. லிம்போசைட் வகையில் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களா, ஒரே மாதிரி துன்பம் தரும் இரு நோய்களா என்ற ஐயத்தை இது கிளப்புகிறது.

தன்னெதிர்ப்பு நோய் என்று தீர்ப்பளிக்க அளவுகோல் உண்டு. எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி 1957இல் அதை வகுத்தார். அவரோடு ஆய்வு செய்த நோயெல் ரோஸ் 1993இல் இன்னொருவருடன் சேர்ந்து அதைத் திருத்தி எழுதினார். தாக்கும் எதிர்ப்பொருளையோ வெள்ளணுவையோ காட்ட வேண்டும், தாக்கப்படும் சொந்தப் பொருள் எது என்று சொல்ல வேண்டும், அதைக் கொண்டு விலங்கில் நோயை உண்டாக்கிக் காட்டினால் சான்று பலப்படும். சீலியாக் நோய் இதில் தேறுகிறது. குளூட்டன் வெளியிலிருந்து வந்தாலும், உடலின் சொந்த நொதியான திசு டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்திலேயே கிடைக்கிறது. 1997இல் அது கண்டறியப்பட்டது. மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதற்கே உரிய எதிர்ப்பொருள் இல்லை, தாக்கப்படும் சொந்தப் பொருளும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையால் இதைக் கண்டுபிடிக்க முடியாததற்கும் அதுதான் காரணம்.

இந்த வழக்கில் என்னை மிகவும் கவர்ந்த சான்று சுவீடனின் ஓரெப்ரோ நகரிலிருந்து 1995இல் வந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கொலாஜன் வகை நோய் கொண்ட ஒன்பது பெண்களுக்கு யார்னரோட் குழுவினர் அறுவை சிகிச்சை செய்து, குடலில் வருவதைப் பாதி வழியிலேயே வயிற்றின் வழியே வெளியே திருப்பிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெருங்குடல் முழுவதும் வெறுமையாயிற்று. பேதி நின்றது. நின்றதோடு போகவில்லை, அழற்சி தணிந்து, தடித்த கொலாஜன் படலமும் மெலிந்தது. பிறகு குடலை மீண்டும் இணைத்தபோது பேதியும் வந்தது, படலமும் தடித்தது. படலம் நிலையான தழும்பு அல்ல, போய்வரக்கூடியது என்பது இதனால் தெரிந்தது. தூண்டுவது குடலுக்குள் ஓடும் ஏதோ ஒன்று என்பதும் தெரிந்தது. அது பித்த அமிலமா, நுண்ணுயிரா, உணவா, மருந்தா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெல்ஜியத்தின் ரூட்கீர்ட்ஸ் குழுவினர் 1991இல் கிரோன் நோயில் இதற்கு இணையானதைக் கண்டிருந்தார்கள். அறுவை முடிந்த குடலில் மலம் ஓடாதவரை நோய் திரும்பி வரவில்லை. ஒதுக்கிவைக்கப்பட்ட நோயும் குடும்பத்தின் மூத்த உறுப்பினரும் ஒரே வினைக்கு ஒரே மாதிரி பதில் சொல்கிறார்கள்.

மருந்துகளும் அதே திசையைக் காட்டுகின்றன. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் போடும் வலிநிவாரணிகள், லான்சோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள், மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் ஆகியவை இந்நோயோடு தொடர்புடையவை. புகைப்பவர்களுக்கு நோய் ஏறத்தாழ பத்தாண்டு முன்பாகவே வருகிறது. மறுபக்கம், சாதாரண மருந்துக்கு மசியாத நோயாளிகளுக்குக் கைகொடுப்பவை அசத்தயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போன்றவை. கிரோனுக்கும் அல்சரேட்டிவுக்கும் பயன்படும் அதே மருந்துகள். மெசலசீன் கைவிட்டாலும் இவை கைகொடுப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் உறவுமுறையில் சொன்னால், மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் அழற்சிக் குடல்நோய்களுக்குப் பங்காளி, தன்னெதிர்ப்பு நோய்களுக்குச் சம்பந்தி. முதல் வீட்டோடு ரத்த உறவு, இரண்டாவது வீட்டோடு கொள்வினை கொடுப்பினை. இரண்டு வீட்டு விசேஷங்களிலும் இதைப் பார்க்கலாம், ஆனால் பங்கு இருப்பது ஒரு வீட்டில்தான். மருத்துவ உலகமும் மெல்ல அங்கேதான் வந்துகொண்டிருக்கிறது. 2021இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நெறிமுறை இதை நாள்பட்ட அழற்சிக் குடல்நோயாகவே வரையறுத்தது. ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 11 பேருக்குப் புதிதாக இந்நோய் வருவதாகவும் அது கணக்கிட்டது. நாளை இதற்கே உரிய எதிர்ப்பொருள் ஒன்று கிடைத்தால் இந்தத் தீர்ப்பைத் திருத்தியாக வேண்டும். இன்றுள்ள சான்றுக்கு இதுதான் நியாயமான இடம்.

இந்த இடம் நோயாளிக்கு எதைத் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புடெசோனைட் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளுக்கு 9 மில்லிகிராம் என்று ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலானோருக்குப் பேதி நிற்கிறது. குடலில் வேலை முடித்து உடலுக்குள் போகும் மருந்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுவதால், மற்ற ஸ்டீராய்டுகளின் தீங்குகள் இதில் குறைவு. நிறுத்தினால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. அதனால் குறைந்த அளவில் தொடர வேண்டி வரலாம். ஐ.பி.எஸ். என்ற முத்திரையோடு திரும்பி வந்தவருக்கு இந்த மருந்து கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் அவர் பேதியை நிறுத்தும் மாத்திரையையும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதையும்தான் நம்பியிருப்பார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், குறிப்பாக ஐம்பதைக் கடந்த பெண்களில் யாருக்காவது வாரக்கணக்கில் நீராகப் போய்க்கொண்டிருந்தால், இரவிலும் எழுப்பினால், 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். கொலனோஸ்கோப்பி செய்யும்போது குடல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பெருங்குடலின் பல இடங்களிலிருந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சிறு துணுக்குகளை, அதாவது பயாப்சி எடுக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மலக்குடலில் மட்டும் எடுத்தால் நோய் தப்பிவிடக்கூடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சீலியாக் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். 'நார்மல்' என்று எழுதிய ரிப்போர்ட் கையில் இருந்தால், அதில் பயாப்சி எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.