பிரித்தால் நூல், கரைத்தால் மண்

நமது வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியின் அடியைத் துழாவினால், பாதி பின்னி நிறுத்திய கம்பளி உடை ஒன்று அகப்படுவதுண்டு. மார்கழிக் குளிருக்கென்று ஆரம்பித்திருப்பார்கள். ஒரு கை முடிவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். அடுத்த மார்கழிக்குள் குழந்தை வளர்ந்துவிடும். முடிக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. கெட்டிக்கார சகோதரிகள் இதற்கு மூன்றாவது வழி ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். பின்னலின் கடைசி முனையைத் தேடிப் பிடித்து இழுத்து, முழுவதையும் நூலாகவே மீட்டுக்கொள்கிறார்கள்.

இதைக் கருமித்தனம் என்று நகைப்பவர்கள் சீமையின் யுத்தகாலச் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். 1941 ஜூன் முதல் தேதி பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்துப் புதியவை பின்னுவது அங்கே தேசிய கடமையாகவே கருதப்பட்டது. பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து உலர்த்தினால் சுருக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் கொதிநீரில் போட்டுக் கசக்கி, இழையோடு இழை இறுகிப்போன கம்பளியை எவராலும் பிரிக்க முடியாது. அது நூலாக இருந்த காலம் போய்விட்டது.

இவ்வித்தையையே மண்ணில் செய்துவரும் ஊர் ஒன்று நமது நாட்டில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலே, மணிமுத்தாற்றங்கரையில், பழமலைநாதர் கோயில் கொண்டுள்ள விருத்தாசலந்தான் அது. யாத்திரிகர்களுக்கு அது ஸ்தலம். வியாபாரிகளுக்கோ பீங்கான் நகரம். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு ஏற்றது. அரசாங்கம் இங்கே பீங்கான் தொழிற்பேட்டை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க ஒரு நிலையமும் ஏற்பட்டது.

பீங்கான் பொம்மை பிறக்கும் விதம் வேடிக்கையானது. களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் வெங்கச்சங்கல் பொடியும் சேர்த்து, நீர் விட்டு, சிறிதளவு சோடியம் சிலிகேட்டும் கலந்து பாலாடைபோன்ற குழம்பாக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சினுள் ஊற்றினால், அச்சு நீரைக் குடித்துவிடுகிறது. சுவரோரமாக மண் கெட்டிப்படுகிறது. போதிய கனம் வந்ததும் மிகுதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து அச்சைத் திறந்தால் உள்ளே உருவம் நிற்கிறது. அச்சின் இணைப்பு பதிந்த விளிம்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, உலர வைக்கிறார்கள்.

சீவிய துணுக்கு, மூக்குச் சிதைந்த பொம்மை, கை ஒடிந்த பொம்மை இவையெல்லாம் குப்பையல்ல. மீண்டும் குழம்புத் தொட்டிக்கே போகும். இதிலே ஓர் அதிசயம் உண்டு. அரை ஈரமான மண் நீரில் எளிதில் கரையாது. கட்டியாகவே கிடந்து சண்டித்தனம் செய்யும். எலும்புபோல் நன்றாக உலர்ந்த மண்ணைப் போட்டாலோ, நீர் அதன் நுண்துளைகளில் பாய்ந்து, சற்று நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஆகவே, கரைக்கவேண்டியதை முதலில் காயவைக்கிறார்கள்.

ஆயினும் திரும்பி வந்த மண் முழுக்கப் புது மண்ணுக்கு ஈடாகாது. அதில் ஏற்கெனவே சோடியம் சிலிகேட் இருப்பதால் கணக்குப் பார்த்தே சேர்க்கவேண்டும். அச்சிலிருந்து பெயர்ந்த பிளாஸ்டர் துகள் கலந்துவிட்டாலோ குழம்பு தடித்துப்போகும். சுட்ட பாண்டத்திலும் குழி விழும். புதுக் குழம்போடு அளவாகக் கலந்து, சல்லடையில் வடிகட்டுவது இதனால்தான். பிரித்த நூலோடு புது நூலையும் சேர்த்துப் பின்னும் தாய்மார்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவும் சூளைக்கு முன்னால் மட்டுந்தான். ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தைத் தாண்டும்போது, களிமண்ணின் அணுக்கட்டிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் ஆயிரம் ஆண்டு நீரில் கிடந்தாலும் அது மண்ணாகாது. 2015-ல் தொடங்கிக் கீழடியில் தோண்டியெடுத்த ஓடுகளே இதற்குச் சாட்சி.

ஆகவே பீங்கான் பட்டறையில் மிகுந்த பொறுப்பு வாய்ந்தவர் சூளைக்கு முன்னால் நின்று பாண்டத்தைப் பார்ப்பவரே. பச்சைப் பாண்டத்தின்மேல் மண்ணெண்ணெய் தடவினால், கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசலும் கோடாகத் தெரியும். "மெருகு பூசினால் மறைந்துவிடும்" என்று ஆசை சொல்லும். மறையாது; நெருப்பில் விரியும். முன்னதாகவே கரைத்தால் நஷ்டம் ஒருவர் உழைப்பு மட்டும். சுட்ட பிறகு கண்டால் உழைப்போடு எரிபொருளும் மண்ணும் போகும். சிறு பட்டறைக்காரருக்கு ஒரு சூளையின் லாபம் இந்த ஒரு பார்வையில் அடங்கியிருக்கிறது. உருவாக்கிய கையே அதைக் கரைப்பது எளிதன்று என்பதும் உண்மைதான்.

தஞ்சையில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1945-ல் வெளியான தமது 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் ஆங்கில நூலில், எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் செல்வத்தையும் தானே புதுப்பித்துக்கொள்ளும் செல்வத்தையும் பிரித்துக் காட்டினார். ஆட்டின் ரோமம் அடுத்த ஆண்டும் வளரும். நெய்வேலி மண் வளராது. கம்பளியைப் பிரிப்பது சிக்கனம். மண்ணைக் கரைப்பதோ அதைவிட மேலான அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

சரி, சுட்டபின் உடைந்தது என்ன ஆகிறது? அதற்கும் ஒரு கதி உண்டு. மெருகிடாத சில்லுகளை நுண்ணிய பொடியாக அரைத்துப் புதுக் கலவையில் சிறிதளவு சேர்த்தால், உலரும்போது பாண்டம் அதிகம் சுருங்காது. சுட்ட தீக்களிமண்ணைக் கரகரப்பாக உடைத்துச் சூளையின் தாங்குபெட்டிகள் செய்கிறார்கள். அடுத்த சுற்றுப் பொம்மைகள் அந்தப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துதான் நெருப்புக்குள் போகின்றன.