புலம்பலின் நடுவே எதிர்நோக்கு



நம் பங்கில் ஒரு வீட்டில் இழப்பு நேரும்போது நாம் முதலில் சொல்வது, "அழாதீங்க, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பதே. நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் சில நாள்கள் கழித்து அந்த வீட்டுத் தாய், "சாமி, செபமாலையைக் கையில எடுக்கவே முடியல. எனக்கு விசுவாசம் இல்லையோ?" என்று கேட்கும்போது, நம் ஆறுதல் மொழியே அவருக்குச் சுமையாகிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. அழுகிறவருக்கு விசுவாசம் இல்லையா? விவிலியம் தரும் பதிலைப் புலம்பல் நூலில் காண்போம்.

கி.மு. 587-ஆம் ஆண்டளவில் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசரின் படை எருசலேமை அழித்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முற்றுகை; நகருக்குள் கடும் பஞ்சம். மதில்கள் தகர்ந்தன. சாலமோன் கட்டிய கோவில் தீக்கிரையானது. மக்கள் நாடு கடத்தப்பட்டனர் (2 அரச 25). அரசு, கோவில், நாடு என்று கடவுளுடைய வாக்குறுதியின் அடையாளங்களாக இருந்த அனைத்தும் போயின. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததே இந்நூல்.

இதில் ஐந்து புலம்பல்கள் உள்ளன. முதல் நான்கும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. மூன்றாவதில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். நம் மொழியில் சொன்னால், அகரம் முதல் னகரம் வரை அழுது தீர்க்கிறார்கள். எதையும் மறைக்கவில்லை.

நூலின் நடுவில் உள்ள அந்த மூன்றாம் புலம்பலைக் கவனிப்போம். கடவுள் தம்மைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டார், தம் மன்றாட்டுக்குச் செவி கொடுக்கவில்லை என்று ஆசிரியர் முறையிடுகிறார் (3:7-8). ஆண்டவர்மீது வைத்த எதிர்நோக்கும் அழிந்தது என்கிறார் (3:18). ஆனால் மூன்றே வசனங்கள் தாண்டி, எதிர்நோக்கு கொள்கிறேன் என்கிறார் (3:21). இடையில் என்ன மாறியது? மதில் எழும்பவில்லை, நாடு கடத்தப்பட்டோர் திரும்பவில்லை. அவர் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிறார், அவ்வளவுதான்: ஆண்டவரின் பேரன்பு முடிந்துபோவதில்லை, காலைதோறும் அது புதிதாகிறது (3:22-23).

ஆகவே, எதிர்நோக்கு என்பது நிலைமை சீராகிவிடும் என்ற கணிப்பு அல்ல. கடவுள் யார் என்பதை நினைவுகூர்வது. அதன்பின் அழுகை நின்றுவிடவும் இல்லை. கடவுள் எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற ஏக்கத்தோடுதான் நூல் முடிகிறது (5:22). அந்த ஏக்கத்தையும் திருச்சபை இறைவார்த்தையாகவே ஏற்றுப் போற்றுகிறது.

இறந்தோருக்கான திருப்பலி வாசகங்களுள் ஒன்றாகப் புலம்பல் 3:17-26 தரப்பட்டுள்ளது. ஆறுதலான வசனங்களை மட்டும் எடுக்காமல், நம்பிக்கை இழந்த வசனங்களிலிருந்தே திருச்சபை தொடங்குகிறது. ஆண்டவர் இயேசுவும் சிலுவையில் கைவிடப்பட்டவரின் திருப்பாடலையே செபித்தார் (மத் 27:46). தந்தை அவரைக் கைவிடவில்லை. மூன்றாம் நாள் உயிர்ப்பித்தார். அதனால்தான், எதிர்நோக்கு நம்மை ஏமாற்றாது என்று புனித பவுல் உறுதிபடக் கூறுகிறார் (உரோ 5:5). நமது உறுதி நம் உணர்வின் வலிமையில் இல்லை. கடவுளின் உண்மைத்தன்மையில் இருக்கிறது.

அந்தத் தாய்க்கு நாம் என்ன சொல்வோம்? "அம்மா, உங்கள் அழுகையும் செபம்தான். ஆண்டவரிடமே அழுங்கள்" என்போம். இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் புலம்பல் 'நாங்கள்' என்று பேசுகிறது. ஒருவர் சுமக்க முடியாததை ஊரே சேர்ந்து ஆண்டவர்முன் வைக்கிறது. அவரால் செபமாலையை எடுக்க முடியாத நாள்களில், அவர் வீட்டில் அமர்ந்து அவருக்காக நாம் எடுப்போம். அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது, "அழாதீங்க" என்பதற்குப் பதிலாக, உடனிருந்து அழுவோம். நேரம் வரும்போது புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை மெதுவாக வாசிப்போம்.

காலைதோறும் புதிதாகும் ஆண்டவரின் இரக்கம் நம் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.