சொட்டும் குழாய்

சொட்... சொட்... சொட்...

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா வீட்டில் குழாய் ஒழுகியது. "சொட்டுத்தானே, போகட்டும்" என்றார் அக்கா. நான் குழாயின் கீழே ஒரு லிட்டர் செம்பை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் செம்பு நிறைந்தது.

கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 24 லிட்டர். அதாவது 12 லிட்டர் குடத்தில் இரண்டு குடம். மாதத்துக்கு 60 குடம்! அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் வேலந்தாவளம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கேரளத்தின் பல இடங்களைவிட இங்கே மழை குறைவு. 60 குடம் தண்ணீரை வீணாக்கலாமா?

குழாய் ஏன் ஒழுகுகிறது?

திருகு குழாயின் உள்ளே தண்ணீர் வரும் ஓட்டை இருக்கிறது. குழாயை மூடும்போது ஒரு வாசர் அதை அடைக்கும். மணல் பட்டு வாசர் தேயும். பலமாக முடுக்கினாலும் தேயும். பிறகு தண்ணீர் கசியும்.

நாமே சரி செய்யலாம்

1. தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடியவிடுங்கள்.

2. குழாயின் மேல்பகுதியில் துணி சுற்றுங்கள். ஸ்பேனரால் இடது பக்கம் திருகிக் கழற்றுங்கள்.

3. பழைய வாசரை எடுங்கள். அதைக் கடைக்குக் கொண்டு போங்கள். அதே அளவில் புதிது வாங்குங்கள்.

4. உள்ளே மணல் இருந்தால் துடைத்து எடுங்கள். புது வாசரைப் போடுங்கள்.

5. மேல்பகுதியை வலது பக்கம் திருகி மாட்டுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள்.

இன்னும் ஒழுகுகிறதா? வாசர் உட்காரும் இடம் அரித்துப் போயிருக்கும். அப்போது குழாயையே மாற்ற வேண்டும். கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் வாசரில் குறை இல்லை. அங்குள்ள நட்டைக் கொஞ்சம் முடுக்கினால் போதும்.

அக்கா கடைக்குத் தனியாகவே போனார். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் 3/4 என்று போட்டிருந்தது. அக்கா அதைப் படித்தார். "அண்ணா, இது முக்கால் அங்குலம். எங்கள் குழாய் அரை அங்குலம். 1/2 என்று போட்டதைக் கொடுங்கள்" என்றார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

அன்று மாலை அக்கா தன் கையாலேயே வாசரை மாற்றினார். இரவில் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா? இன்றே ஒரு செம்பை வைத்து அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடம்? கணக்கை நோட்டில் எழுதுங்கள்.