நிலக் கிரயமும் வெள்ள அபாயமும்: விற்பவர் சொல்ல வேண்டியது, வாங்குபவர் விசாரிக்க வேண்டியது

நஞ்சை நிலத்திற்கு விலை பேசும்பொழுது மண்ணின் தரம், பாசன வசதி, வண்டிப்பாதை ஆகியவற்றைக் குடியானவர்கள் நன்கு கவனிக்கின்றனர். ஆனால் மழைகாலத்தில் அந்நிலத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், கரை உடைத்தால் மணல் மேடிடுமா என்னும் விஷயத்தைப் பலர் கேட்பதில்லை. விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை. இம்மௌனத்தால் இரு திறத்தாருக்கும் நேரக்கூடிய நஷ்டத்தையும், அது பற்றிய சட்டத்தையும் இங்கு விளக்குவோம்.

தமிழ்நாட்டில் வெள்ள அபாயம் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் காலமும் அதுவே. தை அறுவடைக்குப் பின் கிரயத்திற்காகப் பார்வையிடும் ஒருவருக்கு அந்நிலம் உலர்ந்து, வரப்புகள் சீராகவே காணப்படும். பத்து நாள் மூழ்கிக் கிடந்த வயலும், ஒரு நாளும் மூழ்காத வயலும் சித்திரை மாதத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வித்தியாசத்தை அறிந்தவர் பயிரிட்டு வந்த சொந்தக்காரரே.

நெடுநாள் வெள்ளம் வராதது ஒன்றே அபாயமின்மைக்கு அத்தாட்சி ஆகாது. 1924-ம் வருஷம் ஜூலை மாதத்தில் காவேரியில் பெருவெள்ளம் வந்து பெருஞ்சேதம் விளைந்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அணை வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்குமேயன்றி, அது நிரம்பியபின் வரும் நீரை நிறுத்திவைக்க மாட்டாது. 2005-லும் 2018 ஆகஸ்டிலும் கொள்ளிடம் பெருகிற்று. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் சில இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையால் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நெல்லும் வாழையும் நீரில் மூழ்கின.

இனி, சட்டத்தைக் கவனிப்போம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவின்படி, வேறுவிதமான உடன்படிக்கை இல்லாவிடில், சொத்தில் முக்கியமான குறைபாடு ஏதேனும் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும், வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாததாயும் இருக்குமானால், விற்பவர் அதனை வெளியிடக் கடமைப்பட்டவர். அதனை வெளியிடாமல் விடுவது மோசடி என்று அப்பிரிவே கூறுகின்றது. வெள்ளம் என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. ஆயினும், முன்கூட்டித் தெரிந்திருந்தால் வாங்குபவர் அந்நிலத்தை வாங்கியே இருக்கமாட்டார் என்று கருதத்தக்க குறை முக்கியமான குறையாகும். வருஷந்தோறும் பயிர் அழுகும் பள்ளக்கால் அத்தகையதா என்பதை அந்தந்த வழக்கின் சாட்சியத்தைக்கொண்டு கோர்ட்டு தீர்மானிக்கும்.

வாங்குபவரின் பொறுப்பும் இதே பிரிவில் அடங்கியிருக்கிறது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் படுகை நிலத்தை வாங்கிவிட்டு, வெள்ளம் வருமென்று தெரியாது என வாதாடுவது எளிதன்று. அது கண்ணுக்குத் தெரியும் குறை. கரைக்கு வெளியே, சமதரையாகக் காணப்பட்டு, வடிகால் எதிர்த்து ஏறுவதால் மூழ்கும் வயலோ பார்வைக்குப் புலப்படாதது. விற்பவரின் கடமை முக்கியமாக இத்தகைய நிலத்தைப் பற்றியதே.

உண்மை மறைக்கப்பட்டதென்று ருஜுவானால், பத்திரத்தை ரத்துசெய்யும்படி வாங்கியவர் கோர்ட்டை நாடலாம். 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, அதற்கு ஆதாரமான உண்மை அவருக்குத் தெரியவந்த நாள் முதல் 3 வருஷத்திற்குள் வழக்குத் தொடரவேண்டும். ஆகையால் முதல் வெள்ளத்திலேயே உண்மையை அறிந்தவர் காலம் கடத்தலாகாது. தொகையைப் பெற்றுச் செலவிட்டுவிட்ட விற்பனையாளரும் நிம்மதியாக இருக்க முடியாது.

விற்பவர் தமக்கு ஒன்றும் தெரியாதென்று சொல்லித் தப்புவது கடினம். பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் ஆனால், வருவாய், வேளாண்மை இலாகாக்கள் கணக்கெடுத்ததன்பேரில் சர்க்கார் நிவாரணம் வழங்குகிறது. ஒரு புலத்திற்காக அத்தகைய நிவாரணம் பெற்றிருப்பது, அவர் குறையை அறிந்திருந்தார் என்பதற்குத் தக்க அத்தாட்சியாகும். இக்காரணத்தால் கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் அந்தந்தப் பசலியின் பயிர் விவரத்தையும், சேதக் கணக்கில் புல எண்ணையும் பிசகின்றி எழுதுவது மிகவும் அவசியம். பின்னர் வழக்கு நேர்ந்தால் இரு திறத்தாரும் அக்கணக்கையே நாடுவர்.

நிலம் வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவேண்டும்:

1. வில்லங்கச் சான்று பதிவான அடமானம், கிரயம் முதலியவற்றைக் காட்டுமேயன்றி, வெள்ளத்தைக் காட்டாது. அதனைக் கொண்டு திருப்தியடையலாகாது.

2. கூடுமானால் நிலத்தைக் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை பார்வையிடவேண்டும். முடியாவிடில் மோட்டார்க் கொட்டகைச் சுவரிலும் மரங்களின் அடியிலும் நீர் நின்ற கறையைத் தேடுக. மண்ணை முழ ஆழம் வெட்டிப் பார்த்தால் வெள்ளம் கொணர்ந்த மணற்படிவு சில இடங்களில் புலப்படும்.

3. அடுத்த வயல்காரரையும் மூத்த விவசாயத் தொழிலாளிகளையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும்.

4. கடந்த பல பசலிகளின் அடங்கல் நகலைப் பெற்றுச் சம்பாச் சாகுபடியின் விவரத்தை ஒப்பிடவேண்டும்.

5. நிலத்தின் எல்லாத் தன்மைகளையும் பார்த்துத் திருப்தியடைந்ததாகப் பத்திரத்தில் வாசகம் இருப்பின், மேற்கண்ட விசாரணை முடியுமுன் கையெழுத்திடலாகாது.

விற்போருக்கு நாம் கூறும் யோசனை ஒன்றே. வாய்ச்சொல்லாக நில்லாமல், பத்திரத்திலேயே, “மேற்படி புலம் இன்னின்ன பசலிகளில் வடிகால் பெருக்கால் இத்தனை நாள் நீரில் மூழ்கியது, இதனை வாங்குபவர் அறிந்தே இவ்விலைக்குச் சம்மதித்தார்” என்று எழுதி ரிஜிஸ்தர் செய்யவேண்டும். இதனால் விலை சிறிது குறையலாம்; ஆயினும் குறையை மறைத்ததாகப் பிற்காலத்தில் வழக்கு எழ இடமிராது. வாங்குபவரும் தாம் கொடுக்கும் விலைக்குத் தக்கபடி, மூழ்குவதைத் தாங்கும் நெல் ரகத்தையும், வடிகால் வெட்டுவதற்கான செலவையும், பயிர்க் காப்பீட்டையும் முன்னதாகவே திட்டமிட்டுக்கொள்வார். வெள்ளத்தை ஒருவரும் நிறுத்த முடியாது. அதனைத் தெரிந்து வாங்கியவர் பிழைப்பார், தெரியாமல் வாங்கியவர் முதல் போகத்திலேயே கடனாளியாவார்.