நடமாடும் வீட்டுக்கு எமன் ஆகும் பிளக்!

120 வோல்ட்டுக்குப் பதில் 240 பாய்கிறது

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீடுகள் ஏராளம். படுக்கை, சமையல் அறை, குளியல் அறை, குளுகுளு வசதி எல்லாம் வண்டிக்கு உள்ளேயே! "ஆர்.வி." என்று பெயர். லீவு விட்டால் குடும்பத்தோடு ஏறிக் கிளம்பிவிடுகிறார்கள்.

போகிற ஊரில் முகாம்கள் உண்டு. அங்கே உள்ள பெட்டியில் பிளக்கைச் சொருகினால் கரண்டு வரும். ஆனால், ஊர் திரும்பியபிறகு வண்டிக்கு என்று சொந்த வீட்டு வாசலில் புதிதாக பிளக் பாயிண்டு போடுகிறார்களே, அங்கேதான் வருகிறது வினை!

2 கம்பி

அமெரிக்க வீடுகளுக்கு 2 கரண்டுக் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட். விளக்கு, டி.வி.க்கு அது போதும். 2 கரண்டுக் கம்பிகளுக்கும் நடுவே 240 வோல்ட். துணி உலர்த்தும் மெஷின், எலெக்ட்ரிக் அடுப்புக்கு அது.

பல வண்டிகளின் பிளக் 30 ஆம்பியர், 3 முனை. கேட்பது 120 வோல்ட்தான்.

பழைய துணி உலர்த்தும் மெஷினின் பிளக்கும் 30 ஆம்பியர், 3 முனை. ஆனால் அது கேட்பது 240!

இரண்டும் பார்வைக்கு அண்ணன்-தம்பி. வண்டி பிளக்கில் ஒரு முனை உருண்டை. மெஷின் பிளக்கில் ஒரு முனை மடங்கி இருக்கும். அதனால் ஒன்றின் துளையில் மற்றது நுழையாது.

பிறகு எப்படி ஆபத்து? எலெக்ட்ரீசியன் வண்டிக்கு உரிய பிளக் பாயிண்டையேதான் வாங்கி வருகிறார். "30 ஆம்பியர், 3 முனையா? அப்படியானால் 240தான்" என்று பழக்க தோஷத்தில் 2 கரண்டுக் கம்பிகளையும் அதில் முடுக்கிவிடுகிறார். பிளக் கச்சிதமாக உட்காரும்!

"டப்!"

அவ்வளவுதான். மைக்ரோவேவ் அடுப்பு, டி.வி., பாட்டரி சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போய்விடும். வோல்ட் 2 மடங்கு ஆனால், ஹீட்டர் கம்பியில் சூடு 4 மடங்கு! அமெரிக்க மிக்சியை நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரே சொருகிப் புகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிரேக்கர் காப்பாற்றாதா? காப்பாற்றாது. 30 ஆம்பியருக்கு மேல் கரண்டு இழுத்தால்தான் அது விழும். வோல்ட் கூடியதை அது கண்டுகொள்ளாது.

வேடிக்கை என்னவென்றால், பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர், 4 முனை பிளக்குக்கு 240 வோல்ட் இணைப்புத்தான் சரி. அதில் நியூட்ரல் தனியாக இருப்பதால், வண்டிக்குள் அது இரண்டு 120 ஆகப் பிரிந்துவிடும். 30 ஆம்பியர் வண்டியைக்கூட உரிய அடாப்டர் போட்டு அதில் மாட்டலாம். ஒரு கரண்டுக் கம்பியை மட்டும்தான் அடாப்டர் எடுத்துக்கொள்ளும்.

மீட்டர் வையுங்கள்!

30 ஆம்பியர் பாயிண்டு புதிதாகப் போட்டால், வண்டியைச் சொருகுமுன் 2 தட்டைத் துளைகளிலும் மீட்டர் முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். 120 காட்டினால் சரி. வோல்ட் தப்பாக இருந்தால் கரண்டையே உள்ளே விடாத காவல் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன.

மீட்டர் 240 காட்டினால்? மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீசியனைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்.