வாடிய கருங்கண்ணியும் நகரும் மஞ்சளும்

1901-ஆம் ஆண்டு முதல் பருத்தி ஆராய்ச்சி நடந்துவரும் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசலில், புரட்டாசியில் விதைத்த கருங்கண்ணி தை மாதத்தில் பூவும் பிஞ்சுமாக நிற்கையில், மண்ணில் ஈரம் குன்றாதிருந்தும் ஒரு செடி மட்டும் இலை மஞ்சளித்துத் தலை சாய்ந்துவிடுமானால், அதன் தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தல் வேண்டும். பட்டைக்கு அடியில், நீரேறும் குழாய்களின் வழியே கரும்பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். வாடல் நோய் என்று சம்சாரிகள் சொல்லும் இதற்குக் காரணம் பியூசேரியம் என்னும் பூசணம்.

வேர்வழி நுழையும் அதன் நூலிழைகள் குழாய்களை அடைப்பதோடு விஷமும் சுரக்கின்றன. பியூசாரிக் அமிலம் என்னும் அவ்விஷம் சோதனைக் குடுவையில் மட்டுமன்றி நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனின் ஆய்வுக்கூடத்தார் 1955-இல் எடுத்துக்காட்டியது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க காரியம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலில், தடித்த உறையுடைய வித்துக்களாக இப்பூசணம் ஆண்டுக்கணக்கில் உறங்கவும் வல்லது.

நின்ற இடத்திலேயே வளர்வதால் பூசணத்தைத் தாவரமென்றே சாஸ்திரம் வெகுகாலம் எண்ணி வந்தது. ஆனால் அதனிடம் பச்சையம் இல்லை. அதன் செல்சுவரில் இருப்பது நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின். சேமிப்பதோ நம் ஈரலில் சேரும் கிளைக்கோஜன். பச்சிலைகள் வெயிலில் சமைத்துண்ண, பிராணிகள் விழுங்கிய பின் ஜீரணிக்க, பூசணம் ஜீரண ரசத்தை முதலில் வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும் விசேஷத்தைப் பெரிதாக மதித்தே, 1969-இல் உயிரியலார் விட்டேக்கர், உயிர்களின் ஐந்து இராச்சியங்களுள் ஒன்றை அதற்கெனத் தனியே வகுத்தார்.

சளிப்பூஞ்சையின் கதை வேறு. ஐப்பசி அடைமழையில் படப்பின் அடியில் மக்கிய தட்டையின்மீது மஞ்சட் கூழாகப் படர்ந்திருந்த ஒன்றை மாலையில் கண்டு, காலையில் போய்ப் பார்த்தபோது, அது ஒரு சாண் தள்ளி, விசிறிபோல் விரிந்து, நரம்பு நரம்பாகப் பின்னிக் கிடந்தது. கையளவு அகன்ற அவ்வுடல் முழுதும், எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே செல்! அந்நரம்புகளுள் ஜீவரசம் முன்னும் பின்னுமாக ஓட, அது ஊர்ந்து சென்று பாக்டீரியாக்களையும் பூசண வித்துக்களையும் உறிஞ்சாமல் அப்படியே விழுங்குகிறது. பின்னர் தூளாக வித்துக்களை உதிர்ப்பதைக் கண்டு பூசணக் கூட்டத்தில் பலர் சேர்த்தாலும், பூசண ஆய்வாளர் டி பாரி 1859-லேயே அதைப் பிராணிகளின் பக்கம் வைத்துப் ‘பூசண விலங்கு’ எனப் பொருள்படும் பெயரிட்டார். இன்று அமீபாக்களின் சுற்றத்தில் அதற்கு இடம். ஈரம் வற்றினால் தட்டையோடு ஒட்டிய பொருக்காக இறுகிக் கிடக்கும் அது, அடுத்த மழையில் நனைந்ததும் இளகி, மறுபடி இரைதேடப் புறப்படுகிறது.