சாரியையும் பஞ்சுத்தூசியும்

தமிழ் எம்.ஏ. முடித்துச் சும்மா இருந்த காலத்தில் கோவையில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலைக்குப் போனேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி சொல்லிக்கொண்டே போவார். நான் அடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மனப்பாடம் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது நன்னூல்தான்.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவனுக்கு இந்தச் சொற்கள் அப்படியொன்றும் அந்நியமில்லை. காஸ்ட்ரோஎன்ட்டரைட்டிஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். காஸ்ட்டர் கிரேக்கத்தில் வயிறு, என்ட்டரோன் குடல், ஐட்டிஸ் என்ற விகுதி வந்தால் அழற்சி. நடுவில் நிற்கும் 'ஓ'வுக்குத் தனிப் பொருளில்லை, நம் சாரியை போலத்தான். எதிர்மறை முன்னொட்டும் தெரிந்த விதியே: மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. வடமொழிவழி நாம் எடுத்தாளும் அநீதி, அநாதி இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 'ஏடிப்பிக்கல்' செல்கள் என்று டாக்டர் சொன்னதில் ஒருநாள் முதல் எழுத்தை விட்டுவிட்டேன். இயல்பு திரிந்த செல்கள் இயல்பான செல்களாகிவிட்டன. கையெழுத்துப் போடும்போது அவர் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் அந்தத் தாள் யாரோ ஒருவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

விகுதி ஏமாற்றவும் செய்யும். 'ஓமா' என்றால் கட்டி. லிப்போமா தீங்கற்ற கொழுப்புக் கட்டி. அதே ஓமா லிம்போமாவில் புற்றுநோய், ஹீமட்டோமாவில் வெறும் ரத்தக்கட்டு.

எல்லாவற்றையும் தமிழாக்கினால் தீர்ந்தது என்பார்கள் நண்பர்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவருடைய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மாணவனுக்குத் திறந்த வாசல். அங்காதிபாதம் என்றாலும் அனாட்டமி என்றாலும் பல்லடத்திலிருந்து வரும் நோயாளிக்கு ஒன்றுதான்.

என்னைத் தடுத்து நிறுத்திய சொல் பிஸினோசிஸ். கிரேக்கத்தில் பிஸ்ஸோஸ் என்றால் மெல்லிய லினன் துணி. ஸ்பின்னிங் மில்லில், குறிப்பாக ப்ளோரூமிலும் கார்டிங்கிலும், பஞ்சுத்தூசியைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய். சொல்லுக்குள் துணி இருக்கிறது, மில்லில் நிற்கிற ஆள் இல்லை. என் பெரியப்பா கார்டிங்கில் இருந்தவர். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றுதான் அவருக்கு நெஞ்சை இறுக்கும். இந்நோயின் முதல் அடையாளமே அதுதான். அவருடைய சீட்டுகளில் எல்லாம் பிராங்கைட்டிஸ் என்றே இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பின்னாளில் பிஸினோசிஸைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. வெறும் பிராங்கைட்டிஸ் என்று எழுதிய சீட்டோடு அந்த அட்டவணைப் பக்கமே போயிருக்க முடியாது.

டாக்டர்மேல் மட்டும் பழி போடவும் வழியில்லை. சளிச்சுரப்பிகள் பெருத்திருக்கும், மூச்சுக்குழல் தசை தடித்திருக்கும். புகைபிடிக்கிறவரின் ஸ்லைடிலும் ஏறக்குறைய இதேதான் தெரியும். என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த நாளில் மூச்சு முட்டுகிறது என்று கேட்காமல் அந்தப் பெயரை எழுத முடியாது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், நோயாளியிடம் தொழில் என்ன என்பதையும் கேட்கச் சொன்னார். 'உனக்கு என்ன செய்கிறது' என்ற கேள்வி போய் 'எங்கே வலிக்கிறது' என்ற கேள்வி வந்ததை ஃபூக்கோ 1963இல் எழுதினார். 'என்ன வேலை' என்பது இரண்டிலும் அடங்காது.

எங்கள் ஆய்வகப் படிவத்தில் பெயர், வயது, பால், அனுப்பிய டாக்டர், அவ்வளவுதான். தொழிலுக்கும் ஒரு கட்டம் போடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் அனுப்பற டாக்டர் கேக்கணும்ப்பா" என்றார். அதன்பிறகு கவுன்டரில் ஆள் இல்லாதபோது படிவம் வாங்கினால் ஓரத்தில் பென்சிலால் நானே எழுத ஆரம்பித்தேன்.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"மில்லுலதானுங்க."

"எந்த டிப்பார்ட்மென்ட்டுங்க?"